பத்தாயிரம் வெயிலுமுத்துகள்

மாதத்தின் மூன்றாவது செவ்வாய்க்கிழமை காலையில் வெயிலுமுத்து பத்தாயிரம் தடவை வாழ்ந்து முடிப்பான். அதற்கு நாற்பது நிமிடம் ஆகும். அந்த நாற்பது நிமிடமும் அசல் வெயிலுமுத்து அலுவலக வாசலில் கிடக்கும் சிமெண்ட் பெஞ்சில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். உள்ளே கணினி அவனுடைய மிச்ச ஆயுளைப் பத்தாயிரம் விதமாக ஓட்டிப் பார்த்து, அவற்றில் எத்தனை ஆயுளில் அவன் மறுபடியும் ஒரு கொலை செய்கிறான் என்று எண்ணிச் சொல்லும். வருடக் கடைசியில் அந்த எண் நூறுக்குக் கீழே இருந்தால் நீதிமன்றம் அவனை வீட்டுக்கு அனுப்பலாம். இல்லையென்றால் இன்னொரு வருடம்.

அந்தக் கணினிக்கு அரசாணையில் ஒன்றரை வரி நீளத்தில் ஒரு பெயர் இருக்கிறது. அலுவலகத்தில் அதை எல்லோரும் ஜோசியர் என்றுதான் சொன்னார்கள். கிளிதான் இல்லை, மற்றதெல்லாம் ஒன்றுதான் என்பது மேற்பார்வை அலுவலர் ஜெசிந்தாவின் அபிப்பிராயம்.

தண்டனை முடிந்தவர்களை முடிந்த பிறகும் பார்த்துக்கொள்ளும் துறை அது. ஆபத்தானவன் என்று நீதிமன்றம் முத்திரை குத்தியவன், சிறைக் கதவைத் தாண்டியதும் காலில் ஒரு பட்டையை மாட்டிக்கொண்டு துறையின் இல்லத்தில் வந்து தங்க வேண்டும். பட்டை அவன் நாடியையும் நடையையும் குரலையும் ஜோசியருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஜெசிந்தாவிடம் அப்படி நாற்பத்து மூன்று பேர். பதினோரு வருடமாக அவள் இந்த நாற்காலியில் இருக்கிறாள். நாற்பத்து மூன்று பேரில் அவள் தூக்கத்தைக் கெடுத்தது வெயிலுமுத்து ஒருவன்தான். அவன் கெட்டவன் என்பதால் அல்ல. ஒழுங்காக இருக்க இருக்க அவனுடைய எண் ஏறிக்கொண்டே போனது, அதனால்.

முதல் வருடம் இருநூற்று நாற்பது. அடுத்து இருநூற்று எழுபத்தொன்று. பிறகு இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு. இது நான்காவது வருடம்.

"கூடியிருக்கா மேடம், கொறஞ்சிருக்கா?" என்று கேட்டுக்கொண்டே வெயிலுமுத்து எதிரில் உட்கார்ந்தான். நாற்பத்து நான்கு வயது. உப்பளத்தில் வெந்த தோல், சிறையில் நரைத்த தலை.

"கூடித்தான் இருக்கு. முன்னூத்திப் பன்னெண்டு."

அவன் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தான். "நான் என்ன செய்யலன்னு சொல்லுங்க, செஞ்சிருதேன். கோபத்த அடக்குற வகுப்புக்கு நாலு வருசமா போறேன். இப்ப அந்த வாத்தியாருக்கு ஒடம்பு சரியில்லன்னா நான்தான் வகுப்பு எடுக்கேன். குடி கிடையாது. பீடி கிடையாது. இல்லத்துல இருக்க அத்தன மோட்டாரையும் நான்தான் ரிப்பேர் பாக்கேன். இன்னும் என்னத்த மேடம் செய்ய?"

"எனக்குத் தெரியல வெயிலுமுத்து."

"உங்களுக்கே தெரியலன்னா?"

அவனுடைய குரல் உயர்ந்தது. உயர்ந்ததை அவனே கவனித்து, காலில் இருந்த பட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூச்சை இழுத்துவிட்டான். எரிச்சல் படுவதற்குக்கூட அனுமதி இல்லாத மனிதன் எப்படி இருப்பான் என்று யாருக்காவது பார்க்க ஆசையிருந்தால் அந்த முகத்தைக் காட்டலாம்.

அவன் ஒன்றும் நிரபராதி அல்ல. இருபத்தாறு வயதில், உப்பளத்து வாய்க்காலில் யார் பாத்திக்கு முதலில் தண்ணீர் என்ற சண்டையில், தங்கபாண்டி என்பவனை மண்வெட்டியால் ஒரே அடி அடித்தான். தங்கபாண்டிக்கு இரண்டு பிள்ளைகள். அந்த ஒரு அடிக்குப் பதினான்கு வருடம். வெயிலுமுத்துவின் மனைவி சண்முகக்கனி பதினான்கு வருடமும் சுண்ணாம்புவிளையில் தனியாக இருந்து, உப்பு வாரி, வீட்டுக்குக் கூரை மாற்றி, காத்திருந்தாள். இப்போதும் காத்திருக்கிறாள். சுண்ணாம்புவிளை இங்கிருந்து இருபது கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து, இல்லத்து வராந்தாவில் காவலாளி பார்க்க ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். மேற்பார்வையில் உள்ளவன் இல்லத்தைவிட்டு வெளியே ஒரு இரவும் தங்கக் கூடாது என்பது விதி.

"கனிக்கு நாப்பத்தொண்ணு ஆச்சு மேடம்" என்றான் வெயிலுமுத்து எழுந்துகொண்டே. "வேற ஒண்ணும் இல்ல."

அவன் போன பிறகு ஜெசிந்தா அந்த வருடத்துப் படிவத்தை எடுத்தாள். கடைசியில் 'அலுவலர் கருத்து' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் அவள் எழுதினாள்: 'தொடர்ந்து மேற்பார்வையில் வைக்கலாம்.' எழுதினாள் என்பதைவிடக் கை எழுதியது என்பது சரி. துறையில் எல்லோரும் எழுதுகிற வாக்கியம் அது. பக்கத்து மாவட்டத்தில் கனகசபாபதி என்று ஒருவர் ஒரே ஒரு தடவை 'விடுவிக்கலாம்' என்று எழுதினார். விடுவிக்கப்பட்டவன் மூன்றாம் மாதம் ஒரு வீட்டுக்குத் தீ வைத்தான். கனகசபாபதியின் முகம் மூன்று நாள் தொலைக்காட்சியில் ஓடியது. ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது வேலை போனது. வைக்கலாம் என்று எழுதியவர் யாரையும் இதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை.

ஆனால் அன்றைக்கு அவளுக்கு ஆறவில்லை. மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்துவிட்டு, மாடிக்கு ஏறி, ஜோசியரைப் பார்த்துக்கொள்ளும் ஹைருன்னிசாவிடம் போய் நின்றாள்.

"ஹைருன், இந்த முன்னூத்திப் பன்னெண்டையும் நான் பாக்கணும்."

"எண்ணு வந்திருக்குமே அக்கா."

"எண்ணு வந்துட்டு. அந்தக் கொலைகளப் பாக்கணும். எங்க, எப்ப, யாரன்னு."

ஹைருன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "பாக்கலாம். அலுவலருக்கு உரிமை இருக்கு. ஆனா இத்தன வருசத்துல ஒருத்தரும் வந்து கேட்டதில்ல. எல்லாருக்கும் எண்ணு போதும்."

இதில் வெட்கப்பட வேண்டியவர்களில் தானும் ஒருத்தி என்று ஜெசிந்தாவுக்குத் தெரிந்தது. பதினோரு வருடம். ஒரு மனிதனின் விடுதலையைத் தீர்மானிக்கும் பட்டியலை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

ஹைருன் திறந்தாள். முதல் வரி, இரண்டாம் வரி, பத்தாம் வரி. கீழே போகப் போக அவளுடைய விரல் மெதுவானது.

"என்ன?"

"எல்லாம் ஒரே எடம் அக்கா. முன்னூத்திப் பன்னெண்டும். இந்த ஆபீஸ்தான், கீழ, உங்க ரூம். வருசம்தான் மாறுது. மேற்பார்வைக்கு வந்து ஏழாவது வருசம், எட்டாவது வருசம், ஒம்பதாவது வருசம். அதுக்கு முன்னால ஒண்ணுகூட இல்ல."

"யார?"

ஹைருன் திரையை அவள் பக்கம் திருப்பினாள். ஒவ்வொரு வரியிலும் ஒரே பெயர். ஜெசிந்தா பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். மேசைமேல் காகிதங்களுக்குப் பாரமாக வைத்திருக்கும் கண்ணாடிக் குண்டால் இருநூற்று இரண்டு தடவை. கையால் எழுபது. நாற்காலியால் நாற்பது. அவளை.

"அவனுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?" என்று கேட்டபோது அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. "ஒரு வார்த்த கடிஞ்சு பேசுனதில்ல. தீபாவளிக்கு வீட்டுப் பலகாரம் கொடுத்திருக்கேன். நான் என்ன செய்வேன்னு இந்த மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க கோப்புலேருந்துதான். அவரு தனியாவா வாழுதாரு? அவரச் சுத்தி இருக்கவுகளையும் உள்ள வச்சாத்தான் கணக்கு ஓடும். அவரு மனைவி, காவலாளி, நீங்க. பதினோரு வருசத்துல நீங்க எழுதுன ஐநூத்திச் சொச்சம் வருசக் கருத்த ஜோசியரு படிச்சிருக்காரு. ஐநூத்திச் சொச்சமும் ஒரே வாக்கியம்." ஹைருன் தயங்கினாள். "அதனால உள்ள இருக்க நீங்களும் வருசா வருசம் அதையேதான் எழுதுதீங்க. அவரு ஒவ்வொரு வருசமும் விடுவாகன்னு நம்பி வாராரு. ஆறு வருசம் தாங்குதாரு. பெறவு பத்தாயிரத்துல முன்னூறு பேருக்குத் தாங்க முடியல."

"அப்ப எண்ணு கூடுறதுக்குக் காரணம்..."

"அவருக்கு வயசு கூடுது, அவரு மனைவிக்கும் கூடுது. ஒவ்வொரு வருசமும் ஏமாத்தம் முன்னவிட எடை கூடி விழுது. அவ்வளவுதான் அக்கா. எண்ணு நூறுக்கு மேல இருக்கதுனால நீங்க வைக்கலாம்னு எழுதுதீங்க. நீங்க வைக்கலாம்னு எழுதுவீங்கன்னு தெரிஞ்சதுனால எண்ணு நூறுக்கு மேல வருது."

ஜெசிந்தா படியிறங்கி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் வேலையாகக் கண்ணாடிக் குண்டை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பூட்டிய பிறகு தன்மேலேயே வெறுப்பு வந்தது.

அடுத்த மூன்றாவது செவ்வாய்க்கிழமை வெயிலுமுத்து உள்ளே வந்ததும் நின்றான். மேசையில் காகிதங்கள் மின்விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன. அவனுடைய நாற்காலி நான்கடி தள்ளிப் போடப்பட்டிருந்தது. கதவு திறந்திருந்தது, வெளியே காவலர் ஒருவர் செய்தித்தாள் படிப்பதுபோல் நின்றார்.

"நான் ஏதும் தப்புப் பண்ணிட்டனா மேடம்?"

"இல்ல. உக்காருங்க."

அவன் உட்காரவில்லை. "நாலு வருசமா வாரேன். என்னப் பாத்து நீங்க பயந்ததில்ல. இன்னைக்குப் பயப்படுதீங்க. ஜெயில்ல பதினாலு வருசம் இருந்தவனுக்கு மத்தது தெரியுதோ இல்லையோ, அது தெரியும். அந்த முன்னூத்திச் சொச்சத்துல நான் யாரக் கொல்லுதேன்?"

பட்டியலில் உள்ள பெயரைச் சம்பந்தப்பட்டவனிடம் சொல்லக் கூடாது என்று விதி இருக்கிறது. அறையில் பேசுவதெல்லாம் பதிவாகிறது என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, எல்லாவற்றையும் சொன்னாள். ஏழாவது வருடம், கண்ணாடிக் குண்டு, ஒரே வாக்கியம், எல்லாம்.

வெயிலுமுத்து கேட்டு முடித்து, தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு நாற்காலியை இன்னும் இரண்டடி பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"தங்கபாண்டி அண்ணனக் கொன்னது நான்தான். அதுக்குப் பதினாலு வருசம் இருந்தேன், ஒருநாள் அதிகம்னு சொன்னதில்ல. அவுக வீட்டம்மா கால்ல விழுந்தும் மன்னிப்புக் கேட்டேன். செய்யாததுக்கு எப்படி மேடம் மன்னிப்புக் கேக்க? யாருகிட்டப் போய்க் கேக்க?"

"நீங்க கேக்க வேண்டாம்."

"செய்ய மாட்டேன்னு சத்தியம் பண்ணலாம்னு பாத்தா..." அவன் நிறுத்தினான். "அதுவும் முடியல. நாலாவது வருசத்துலயே சில ராத்திரி தலைக்குள்ள என்னமோ கொதிக்கி. ஏழாவது வருசம் நான் எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியாது. அந்த மெஷினு முழுப் பொய்யும் சொல்லல. என்ன வீட்டுக்கு விட்டா நான் யாரு மேலயும் கை வைக்க மாட்டேன். இங்கயே வச்சிருந்தீங்கன்னா, தெரியல."

இதைவிட நேர்மையான வாக்குமூலத்தை ஜெசிந்தா பதினோரு வருடத்தில் கேட்டதில்லை. அன்று சாயங்காலம் அவள் அலுவலர் கருத்துக் கட்டத்தில் இருந்த பழைய வாக்கியத்தை அடித்துவிட்டு 'விடுவிக்கலாம்' என்று எழுதினாள். கனகசபாபதியின் முகம் ஒரு தடவை வந்துவிட்டுப் போனது.

மறுநாள் ஜோசியர் மறுபடி ஓட்டிப் பார்த்துப் புது எண்ணைச் சொன்னார்: முன்னூற்று முப்பத்து மூன்று.

"கூடியிருக்கா?" ஜெசிந்தாவுக்கு மாடிப்படியில் நின்றபடியே மூச்சு வாங்கியது. "நான்தான் விடலாம்னு எழுதிட்டேனே, அப்புறமும் என்ன?"

"அதுக்கு ஏழு கொறஞ்சது அக்கா" என்றாள் ஹைருன். "ஐநூறு தடவ ஒண்ணு எழுதுனவங்க ஒரு தடவ மாத்தி எழுதுனா, அடுத்த வருசம் பழையபடி எழுதுவாங்கன்னுதான் அது நெனைக்கும். நீங்க அவருகிட்ட உண்மையச் சொன்னீங்க பாத்தீங்களா, அதுக்கு இருவத்தெட்டு கூடிட்டு."

வருட விசாரணை அந்த மாதக் கடைசியில் வந்தது. நீதிபதி நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்பவர். அதுதான் இன்னும் எரிச்சல். கொடுமைக்காரராக இருந்தால் வீட்டுக்குப் போய்த் திட்டவாவது செய்யலாம். ஜெசிந்தா எழுந்து நின்று, எண் எங்கிருந்து பிறக்கிறது என்று படிப்படியாகச் சொன்னாள். பின் வரிசையில் சண்முகக்கனி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையும் தனக்குச் சாதகமா பாதகமா என்று முகங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முயன்றாள்.

"அப்படியென்றால் ஆபத்து உங்களால் வருகிறது என்கிறீர்கள்" என்றார் நீதிபதி.

"ஆமாங்கய்யா. என்னாலயும் இந்த நீட்டிப்பாலயும்."

"மேற்பார்வை அலுவலர் இல்லாமல், இயந்திரம் மட்டும் அவரைப் பார்த்துக்கொண்டால் எண் எவ்வளவு?"

ஜோசியரின் இணைப்போடு வந்திருந்த ஹைருன் அங்கேயே ஓட்டிப் பார்த்தாள். நாற்பது நிமிடம் எல்லோரும் காத்திருந்தார்கள். "பூஜ்யம் ஐயா."

கூடத்தில் ஒரு சலசலப்பு. சண்முகக்கனி பாதி எழுந்துவிட்டாள். ஜெசிந்தாவுக்கும் நெஞ்சு லேசானது.

"முழுக்க விட்டுவிட்டால் எவ்வளவு?"

"அந்தத் தேர்வு இதுல இல்ல ஐயா. மேற்பார்வைக்குன்னு வாங்குனது. மேற்பார்வை இருக்குன்னு வச்சுத்தான் தொடங்கும்."

நீதிபதி குறிப்பெடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். "இயந்திர மேற்பார்வையில் ஆபத்து பூஜ்யம். இந்த ஏற்பாடு மிக நன்றாக வேலை செய்யும் என்றுதானே அதற்கு அர்த்தம். நூறுக்குக் கீழே என்றால் அனுப்பலாம் என்றுதான் விதி, அனுப்பியே ஆக வேண்டும் என்று இல்லை. நன்றாக வேலை செய்கிற ஒன்றை எதற்காக நிறுத்த வேண்டும்? முழு விடுதலையைப் பற்றி இந்த நீதிமன்றத்தின் முன் எந்தத் தகவலும் இல்லை." உத்தரவு அந்த நிமிடமே தட்டச்சானது. வெயிலுமுத்துவின் கோப்பிலிருந்து ஜெசிந்தா நீக்கப்படுகிறாள். இனி அவன் தினமும் காலையில் இல்லத்தில் உள்ள இயந்திரத்தின் முன் நின்று பதில் சொன்னால் போதும். மேற்பார்வை தொடரும்.

வெயிலுமுத்து எழுந்து சண்முகக்கனியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அவனைக் கூட்டிப்போக வண்டி வந்தது. ஏறுவதற்கு முன் ஜெசிந்தாவைப் பார்த்துக் கும்பிட்டான். அவளால் திரும்பக் கும்பிட முடியவில்லை.

சண்முகக்கனி நீதிமன்றப் படியில் அவளை மறித்தாள். கோபப்படுவாள், அழுவாள் என்று ஜெசிந்தா எதிர்பார்த்தாள். அவள் கேட்டது வேறு.

"மேடம், அந்த மெஷினு பத்தாயிரம் தடவ பாக்குன்னு சொன்னாகள்லா. அதுல ஒரு தடவயாச்சும் அவுக வீட்டுக்கு வந்தாகளா?"

இதை யாரும் எண்ணவில்லை. கொலைகளை எண்ணினார்கள். அவளும் கொலைகளைத்தான் போய்ப் பார்த்தாள். கொலை இல்லாத ஆயுள்களில் அந்த மனிதன் என்ன ஆனான் என்று கேட்க ஒருத்திக்குத்தான் தோன்றியிருக்கிறது.

"கேட்டுச் சொல்லுதேன்" என்றாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக ஹைருன் அதைத் தேடிப் பார்த்தாள். "புது உத்தரவுப்படி ஓட்டுன பத்தாயிரத்துல யாரையும் கொல்லல. ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொம்பதுல இல்லத்துலயே செத்துப் போறாரு. வருசா வருசம் பூஜ்யம், வருசா வருசம் நல்லா வேலை செய்யிதுன்னு நீட்டிக்காங்க." அவள் திரையை நகர்த்தினாள். "பதினொண்ணுல வீட்டுக்குப் போறாரு."

"எப்படி?"

ஹைருனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "கோப்பு தொலஞ்சு போச்சு அக்கா."

விஷயம் இதுதான். கணினி பத்தாயிரம் ஆயுளை நாற்பது நிமிடத்தில் ஓட்டினாலும், நீதிபதி மையால் கையெழுத்திட்ட அசல் உத்தரவு கோப்போடு சேர்ந்து ஓர் ஆளின் கையில்தான் ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குப் போக வேண்டும். உலகம் எங்கே போனாலும் அரசாங்கம் அந்த ஒரு நடையை விடுவதாக இல்லை. முப்பது நாளுக்குள் அசல் இயந்திரப் பிரிவில் பதிவாகவில்லை என்றால் உத்தரவு காலாவதி. தண்டனை முடிந்தவன்மேல் புதிதாக உத்தரவு போடச் சட்டத்தில் இடமில்லை. பழையதை நீட்டிக்கத்தான் முடியும். ஒரு நாள் இடைவெளி விழுந்தால் நீட்டிக்கவும் ஒன்றும் இருக்காது.

"வீட்டுக்குப் போன பெறவு?"

"பாருங்க. சுண்ணாம்புவிளையில மோட்டார் ரிப்பேர் கடை. ஒண்ணுல அறுவத்தெட்டு வயசு, ஒண்ணுல எழுவத்தி நாலு. ஒண்ணுல மனைவி முந்திப் போயிருதாக, அதுக்கப்புறம் ரெண்டு வருசந்தான் இருக்காரு. கருவாட்டுக் கொழம்புல புளி கூடிப்போச்சுன்னு நெறைய சண்ட." ஹைருன் திரையை மூடினாள். "ஆனா பதினொண்ண வச்சுக்கிட்டு நீதிமன்றத்துல ஒண்ணும் பேச முடியாது. அடுத்த விசாரண வேற அடுத்த வருசம்."

"அந்தப் பதினொண்ணுல கோப்ப யாரு தொலச்சா?"

"போடலயே. அலுவலகக் கவனக்குறைவுன்னு மட்டும் இருக்கு."

அன்று மதியம் அசல் கோப்பு, இயந்திரப் பிரிவிடம் ஒப்படைப்பதற்காக, நீதிமன்றத்திலிருந்து ஜெசிந்தாவின் மேசைக்கு வந்தது. இயந்திரப் பிரிவு அடுத்த தெருவில்தான் இருக்கிறது, நடந்தால் ஆறு நிமிடம். கோப்பை வாங்கிப்போக வந்த ஊழியரிடம், "வேண்டாம், நானே கொண்டு குடுத்துக்கிடுதேன்" என்றாள். பதினோரு வருடத்தில் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட அவள் தொலைத்ததில்லை. ஆகவே ஊழியர் சந்தோஷமாகப் போய்விட்டார்.

சாயங்காலம் சாப்பாட்டுப் பையில் டிபன் டப்பாவுக்கு அடியில் அது அவளோடு பஸ் ஏறியது.

முப்பது நாள் என்பது எவ்வளவு நீளம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. தினமும் காலையில் கோப்பைப் பைக்குள் வைத்தாள், தினமும் திருப்பி எடுத்து வைத்தாள். ஏழாவது வருடம் எப்படி இருப்பேனோ தெரியாது என்று சொன்ன குரல் காதிலேயே இருந்தது. பதினொன்று என்பது என்ன பெரிய எண். தங்கபாண்டியின் பிள்ளைகளை நினைத்தாள். நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்த வீட்டுக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வாள் என்று நினைத்தாள். இந்தப் பயத்தைத்தான் ஐநூறு தடவை ஒரே வாக்கியமாக எழுதி வைத்திருக்கிறாள் என்றும் நினைத்தாள். இருபத்தாறாம் நாள் அடுத்த தெருவரை போய், அந்தக் கட்டடத்தின் வாசலில் நின்று, ஒரு இளநீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

முப்பத்தொன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு இல்லத்து வார்டன் போன் செய்தார்.

"மேடம், வெயிலுமுத்து கால்ல இருந்த பட்ட தானா கழண்டு விழுந்துட்டு. இங்க மெஷினும் அவரு பேரு இல்லைங்கு. என்ன செய்ய?"

"விதி என்ன சொல்லுது?"

"உத்தரவு இல்லாதவர உள்ள வச்சிருக்கக் கூடாதுங்கு."

"அப்ப விதிப்படி செய்யுங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை இல்லத்து வராந்தாவுக்குச் சண்முகக்கனி வரவில்லை. ஜெசிந்தா மெனக்கெட்டு அங்கே போய், ஒரு மணி நேரம் அந்தக் காலி பெஞ்சுக்கு எதிரில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை மேலிடத்திலிருந்து குறிப்பாணை வந்தது. மேற்படி கோப்பு உரிய காலத்துக்குள் ஏன் ஒப்படைக்கப்படவில்லை, தங்கள்மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது, ஏழு நாளுக்குள் விளக்கம் தருக. ஜெசிந்தா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மேலே தேதியும் தன் பெயரும் பதவியும் போட்டு, நிதானமாக எழுதினாள்.

'கோப்பு காணவில்லை. தேடப்பட்டு வருகிறது.'